சாப்பாட்டுத் தாளில் ஒரே கை

க்ளெனிஸ் ட்ரெவினைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் எழுதியதெல்லாம் சுத்தப் பேத்தல். 'துணிச்சல் மிக்க சமையல்காரி' என்று ஒருவன் எழுதியிருந்தான். முதலில் அவள் சமையல்காரியே இல்லை. கேர்ன்மோர் மாணவர் விடுதியில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பொறுப்பாளி. சமைக்கிறவன் உள்ளே அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுவான். பரிமாறுவது, தட்டு எண்ணுவது, எவன் வந்தான் எவன் வரவில்லை என்று பார்ப்பது இவள். இருபத்தாறு வருஷம் அந்த வேலை. அதில் பத்தொன்பது வருஷம் அவளுக்குப் பின்னால் நின்று பாத்திரம் தேய்த்தவள் நான். என் பெயர் நெரிடா. நடந்தது எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

அவள் அம்மா செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமைத்துப் போட்டவள். கொட்டகை மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடமும் மாறும். பதினைந்து வயதில் க்ளெனிஸ் படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டாள். பிறகு மலைமேல் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக ஊருக்கு வந்து, லெஸ் என்கிற லாரிக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு இடுப்பு போய்விட்டது. பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்து குதிரைப் பந்தயம் பார்ப்பான். பிள்ளை கிடையாது. யாராவது வருத்தமாகக் கேட்டால், "நூத்தறுபது தடியனுங்க இருக்கானுங்களே, இன்னும் ஒண்ணு எதுக்கு?" என்பாள்.

வாய் அதிகம். பன்றி இறைச்சித் துண்டு இரண்டுக்கு மேல் ஒருவன் கேட்டுவிட்டால் கூடம் முழுக்கக் கேட்கும். "டேய், உங்கப்பன் பண்ணைப் பன்னியா இது? ரெண்டுதான். தள்ளு!" அதே பையனுக்குப் பரீட்சை நாளில் நாலு துண்டு வைத்து மேலே முட்டையால் மூடிக் கொடுப்பாள். நூற்றறுபது பேர் பெயரும் அவளுக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடம்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. கேர்ன்மோரில் புதிதாக வந்தவனுக்கு ஆறு வாரம் பெயர் கிடையாது. நம்பர்தான். ஒவ்வொருவனுக்கும் ஒரு செங்கல் கொடுப்பார்கள், அதில் அவன் நம்பர். தூங்கும்போது தவிர அதைக் கீழே வைக்கக் கூடாது. வகுப்புக்கும் செங்கல், கழிப்பறைக்கும் செங்கல். வெளியாள் கேட்டால் ஏதோ உடற்பயிற்சி என்று சொல்ல வேண்டும். சீனியர் மேஜையைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிய வேண்டும். அவர்கள் ஸ்பூனால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்கும் அதேதான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? தெரியும். பிப்ரவரியில் வெயிலோடு படிப்பு ஆரம்பித்தால் ஈ வருவது போல இதுவும் வரும், போகும் என்று இருந்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படி நடந்துகொண்டாள் என்று புரியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் சமையலறைப் பின்வாசலுக்கு வந்தான். பாதித் தலை மழித்திருந்தது, முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. க்ளெனிஸ் வீக்கத்தில் வைக்க உறைந்த பட்டாணிப் பையை எடுத்துக் கொடுத்து, "ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ கண்ணு, சரியாயிடும்" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் அவன் ஊருக்குப் போய்விட்டான். படிப்பையே விட்டுவிட்டானாம். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும்தான். ஆஸ்திரேலியாவில் எங்கள் பக்கத்தில் குடித்துவிட்டு வண்டியை மரத்தில் மோதியவனைக்கூட அடுத்த வாரமே பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவார்கள். போட்டுக்கொடுத்தவனுக்கு மட்டும் ஏழு தலைமுறைக்கும் மன்னிப்பு இல்லை. ஆனால் அந்தப் பட்டாணிப் பையைப் பற்றி அவள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துவிடுவாள், எடுத்து உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள் முப்பத்துநாலு பேர். அதில் ஹேமிஷ் பெல் என்று ஒருவன், மேற்கே ஒரு கோதுமைப் பண்ணையிலிருந்து வந்தவன். முகமெல்லாம் செம்புள்ளி, கழுத்து கொக்குக் கழுத்து. விடுதியிலிருந்து எங்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் அவன் பெயருக்கு நேராக எழுதியிருந்தது: வலிப்பு உண்டு, தினமும் மாத்திரை, மது கூடாது, தனியே தண்ணீரில் இறங்கக் கூடாது.

க்ளெனிஸ் வேண்டுமென்றே ஒவ்வொருவனையும் பெயர் சொல்லித்தான் தட்டை நீட்டுவாள். மூன்றாவது நாள் ஹேமிஷ் செங்கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்து சொன்னான். "மிஸஸ் ட்ரெவின், தயவுசெஞ்சு என் பேரைச் சொல்லாதீங்க."

"ஏன்டா? உங்கம்மா வெச்ச பேருதானே?"

"நீங்க ஒரு தடவை கூப்பிட்டா எனக்கு ஒரு சுத்து கூட்டுறாங்க."

"என்ன சுத்து? எங்க?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணுமில்லைங்க. உருளைக்கிழங்கு போதும்" என்று போய்விட்டான்.

பின்னால் நின்றவன் பாக்ஸ்டர், சீனியர்களின் தலைவன். சிரித்த முகம். கனமான தட்டுத் தூக்கினால் ஓடிவந்து கை கொடுப்பான், எனக்கே அவனைப் பிடிக்கும். "க்ளென் டியர், பசங்களைக் கொஞ்சாதீங்க, கெட்டுப் போயிடுவாங்க" என்று கண்ணடித்தான். க்ளெனிஸ் சிரிக்கவில்லை. அவன் தட்டில் உருளைக்கிழங்கைத் தொம்மென்று போட்டாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூடத்துக் கதவில் சாப்பாட்டுத் தாள் தொங்கும். எந்த வேளை சாப்பிட வரமாட்டாயோ அந்தக் கட்டத்தில் உன் பெயருக்கு நேரே குறுக்குக்கோடு போட வேண்டும். வீணாகாமல் சமைக்க அதுதான் வழி. மூன்றாவது வாரத் திங்கள் சாயங்காலம் க்ளெனிஸ் அந்தத் தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே என் தொட்டிக்கு வந்தாள்.

"இதைப் பாருடி. வியாழக்கிழமை சாயங்காலச் சாப்பாட்டுக்குப் புதுசா வந்த முப்பத்துநாலு பேரும் வரலையாம்."

"எங்கயாவது கூட்டிட்டுப் போவாங்க. உனக்கென்ன, முப்பத்துநாலு தட்டு மிச்சம்."

"கோட்டைப் பாருடி கழுதை. எல்லாம் ஒரே கை. இடது கைக்காரன் போட்டது, மை இழுபட்டிருக்கு பாரு. இவங்க யாரும் தானா வந்து போடலை. இவங்களுக்கே தெரியுமோ என்னமோ."

பாக்ஸ்டர் இடது கைக்காரன். நான் வாயை மூடிக்கொண்டு தட்டைத் தேய்த்தேன்.

"குட்டைக்குத்தான்" என்றாள் க்ளெனிஸ். இருபத்தாறு வருஷமாக மேஜை துடைக்கிறவளுக்கு எதுதான் காதில் விழாது? துடைக்கிறவளைப் பையன்கள் மேஜைக்காலைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள், பேச்சை நிறுத்த மாட்டார்கள். ஊருக்கு வெளியே கார்மடி என்பவரின் பண்ணையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பெரிய மண் குட்டை ஒன்று. அட்டைப்பெட்டியில் வரும் மலிவு ஒயினை உள்ளே இருக்கும் பையோடு உருவிக் குடிக்கவைத்து, குட்டையைச் சுற்ற வேண்டும் என்று இறக்கிவிடுவார்கள். எத்தனை சுற்று என்பது சீனியர்கள் இஷ்டம். "அந்த ஹேமிஷ் செத்துருவான்டி" என்றாள். அப்படியே, அதே வார்த்தையில் சொன்னாள்.

நடைவழியில் ஒரு சுவரொட்டி இருந்தது: ராகிங் நடந்தாலோ நடக்கப்போகிறது என்று தெரிந்தாலோ சொல்லுங்கள் என்று. அதில் சிரிக்கிற பெண்ணுக்கு எவனோ மீசை வரைந்து வைத்திருந்தான். அதில் போட்டிருந்த இணைய முகவரியில் படிவத்தை என் போனில் திறந்து நான்தான் தட்டினேன், அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. தாளைப் பற்றி, ஒரே கையைப் பற்றி, குட்டையைப் பற்றி, வலிப்பைப் பற்றி. பெயரை மறைக்க வேண்டுமா என்று கேட்டது.

"மறைச்சுடு" என்றேன்.

"நான் என்ன திருடினேனா? போடு என் பேரை."

மறுநாள் காலையே வார்டன் கூப்பிட்டுவிட்டார். டாக்டர் எல்காட். பரவாயில்லையே, படிவம் வேலை செய்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளை உட்காரவைத்து டீ கொடுத்தாராம். அவரே கேர்ன்மோரில் படித்தவர்தான்.

"எங்களையும் அந்தக் குட்டையில தள்ளினாங்க, க்ளெனிஸ். இதோ உயிரோடதானே இருக்கேன்? ஆனா இப்ப காலம் மாறிடுச்சு, நீங்க சொன்னது ரொம்பச் சரி. பாக்ஸ்டரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிடறேன்."

"அவன்கிட்டயா? அவன்தானே செய்யப்போறவன்!"

"ஒருத்தன் மேல புகார் வந்தா அவனுக்கும் பேச ஒரு வாய்ப்புக் கொடுக்கணும். அதுதானே நம்ம ஊர் நியாயம்? நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியாப் போங்க."

திரும்பி வந்தவள் ஏப்ரனைக் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "திருடன்கிட்டயே சாவி எங்க இருக்குன்னு சொல்லப்போறாருடி இந்த மனுஷன்" என்றாள். "வார்டனுக்குத் தெரியாததா? அவர் பாத்துப்பார், விடு" என்றேன். சொன்னது நான். இன்றைக்கும் அது என் காதிலேயே இருக்கிறது.

செவ்வாய் சாயங்காலம் சாப்பாட்டு வேளை. க்ளெனிஸ் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள். தட்டிக்கொண்டிருந்த ஸ்பூன் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அவள் நடந்தாள். நாற்பது சீனியர்களும் அவளையே பார்த்தார்கள். ஒருவன்கூட வரிசைக்கு வரவில்லை, அவள் கையால் வாங்கவில்லை. புதுப் பசங்களும் வரப் பயந்து தட்டோடு சுவர் ஓரமாக ஒட்டிக்கொண்டார்கள்.  

பாக்ஸ்டர் மட்டும் எழுந்து வந்தான். "க்ளென் டியர், வியாழக்கிழமை எல்லாரும் சாப்பிட வர்றாங்க. தாளைத் திருத்திட்டேன். குழப்பத்துக்கு மன்னிச்சுக்கோங்க."

"ஹேமிஷை விட்டுருடா. அவனுக்கு உடம்பு சரியில்லை, உனக்கும் தெரியும்."

"யாரு அது?" என்றான் அவன் மரியாதையாக. "அப்படி ஒருத்தர் இங்க இல்லையே."

கதவில் நாங்கள் திரும்ப மாட்டியிருந்த தாளில் கோடுகளை வெள்ளை பூசி அழித்திருந்தான். வார்டன் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். க்ளெனிஸ் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. "கோட்டை அழிச்சா காரியம் அழிஞ்சிடுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வியாழக்கிழமை அவள் லீவு போட்டுவிட்டுக் குட்டைக்கே போய் நிற்பதாக முடிவு. லெஸ்ஸையும் நாற்காலியோடு தூக்கிப் போட்டுக்கொண்டு போவாளாம். அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தோம்.

புதன்கிழமை மத்தியானம் எங்கள் பல்கலைக்கழகத்தில் வகுப்பு கிடையாது, விளையாட்டு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு திறந்தோம். பன்னிரண்டே முக்கால் ஆயிற்று, புதுப் பசங்க ஒருவரையும் காணோம். தாளில் யாரும் கோடு போடவில்லை. அவள் போட்டு வைத்திருந்த ஆட்டிறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. சீனியர் மேஜையிலும் பன்னிரண்டு நாற்காலி காலி.

க்ளெனிஸ் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போனாள். நானும் கை துடைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். புல்வெளிப் படிக்கட்டில் செங்கற்கள், முப்பத்துநாலும், நம்பர் வரிசையில் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு தலையணை உறை. அதில் அவர்கள் போன்கள். உள்ளே ஒன்று நடுங்கி நடுங்கி நின்றது.

"தேதியை முன்னாடி இழுத்துட்டான்" என்றாள்.  "நான் சொன்னதால முன்னாடி இழுத்துட்டான்டி."

வார்டன் சிட்னியில் ஏதோ கூட்டத்தில், போனை எடுக்கவில்லை. போலீஸுக்குப் போட்டோம். என்ன குற்றம் நடக்கிறது என்று கேட்டான் அங்கே போனை எடுத்த பையன். "நடந்தப்புறம் சொல்லவா?" என்று கத்தினாள். வண்டி அனுப்புவதாகச் சொன்னான். வண்டி எங்கிருந்து வரும் என்று கேட்காமலே அவள் சாவியை எடுத்துவிட்டாள்.

கார்மடி பண்ணைக்கு இருபத்தைந்து நிமிஷம். அவளுடைய ஓட்டை பிக்கப்பில் பதினெட்டு நிமிஷத்தில் போனோம்.   மழை பொய்த்த வருஷம். இரண்டு பக்கமும் புல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. வாயில் கதவு திறந்தே இருந்தது.

பாட்டு அலறிக்கொண்டிருந்தது. சீனியர்கள் மடக்கு நாற்காலியில். வேலிக் கம்பியில் வெள்ளி வெள்ளியாக ஒயின் பைகள், பாதி சுருங்கி. குட்டையில் தண்ணீர் குறைந்து, சுற்றிலும் மாடு மிதித்த சேறு. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக மணிக்கட்டில் வைக்கோல் கட்டும் கயிற்றால் பிணைத்திருந்தார்கள். சிலர் கரையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் இடுப்பளவு தண்ணீரில். ஒருவர் வாயிலும் சத்தம் இல்லை. சத்தம் போட்டதெல்லாம் நாற்காலிக்காரர்கள்தான்.

பாக்ஸ்டர் எழுந்து வந்து வழியை மறித்தான். "க்ளென் டியர், சும்மா விளையாட்டு. முடியப்போகுது."

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. விரலை நீட்டி எண்ணினாள், தினமும் தட்டுக்கு எண்ணுவது போல. மறுபடி எண்ணினாள். "முப்பத்துமூணு" என்றாள். பிறகு கத்தினாள். "ஹேமிஷ்! டேய் ஹேமிஷ்!"

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். கரையோரம் முழங்கால் தண்ணீரில் ரீஸ் என்று ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான்.  மணிக்கட்டில் கயிறு, மறுமுனையில் ஒரு வெறும் வளையம். அவன் க்ளெனிஸைப் பார்க்கவில்லை, பாக்ஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனை என்னடா பாக்கறே, என்னைப் பாரு! எங்கடா ஹேமிஷ்?"

"கயிறு... நழுவிடுச்சு. அவன் ஒரு மாதிரி உதறினான். உள்ள போயிட்டான்."

"எப்போ?"

"கொஞ்சம் முன்னாடி. எனக்குத் தெரியல. அஞ்சு நிமிஷம்."

"ஏன்டா பாவி கத்தல?"

"யாராவது கத்தினா எல்லாரும் முதல்லேர்ந்து சுத்தணும்னு சொன்னாங்க." அவன் அழ ஆரம்பித்தான். "எல்லாரும் என்னாலதான்னு சொல்வாங்க."

க்ளெனிஸுக்கு நீச்சல் தெரியாது. செருப்போடு, ஏப்ரனோடு இறங்கிவிட்டாள். பாக்ஸ்டரும் குதித்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அப்போது அவனும் சின்னப் பையன் மாதிரிதான் அலறினான். ஹேமிஷைக் கண்டுபிடித்தது க்ளெனிஸின் கால். நெஞ்சளவு தண்ணீர்தான், நின்றிருந்தால் மூக்கு வெளியே இருந்திருக்கும். கரைக்கு இழுத்துப் போட்டு நானும் அவளும் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. அவர்கள் வந்து எங்கள் கையை எடுக்கும்வரை அழுத்தினோம். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.

பதினோரு மாதம் கழித்து விசாரணை. நீதிமன்றத்தில் வார்டன் எல்காட் நல்ல டை கட்டி வந்து, புகார் வந்த அன்றே நடவடிக்கை எடுத்ததாகச் சொன்னார். அது பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தனக்கும் அப்படித்தான் செய்தார்கள், அதனால் தவறாகத் தெரியவில்லை என்றான் பாக்ஸ்டர். ரீஸ் இரண்டு வரி சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டான். ஊரில் பாதிப் பேர் அதற்குள் க்ளெனிஸோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். இருபது வருஷமாக அவள் இறைச்சி வாங்குகிற கடைக்காரன், "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா நிதானமா வியாழக்கிழமைதான் நடந்திருக்கும், பாத்துக்க யாராவது கூட இருந்திருப்பாங்க" என்றான். அவன் மூஞ்சியிலேயே அவள் பொட்டலத்தை விட்டெறிந்துவிட்டு வந்தாள். ஆனால் அன்று முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும்.

விசாரணை இடைவேளையில் நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்றிருந்தோம். ஒரு பெண் வந்தாள். வெயிலில் காய்ந்த கை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. ஹேமிஷின் அம்மா, ஐல்சா பெல். க்ளெனிஸ் இதற்காகத்தான் பதினோரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். கையைப் பிடித்து அழ வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என்னென்னவோ சொல்லி வைத்திருந்தாள்.

"நீங்கதானே க்ளெனிஸ்?" என்றாள் அந்தப் பெண். "கடைசிவரைக்கும் அவன் நெஞ்சை அழுத்தினது நீங்கதான்னு சொன்னாங்க. அதுக்கு நன்றி."

க்ளெனிஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

"திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியுங்க."

"படிவத்துல எழுதினீங்க. வார்டன்கிட்ட சொன்னீங்க. போலீஸ்கிட்ட சொன்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

இருபத்தாறு வருஷமாக நூற்றறுபது பேருக்குப் பதில் சொன்ன வாய் அது.  கடைசியில், "எனக்குத் தோணவே இல்லைங்க" என்றாள்.

"எங்க பண்ணையிலிருந்து ரெண்டரை மணி நேரம்தான்" என்றாள் ஐல்சா பெல். "செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்."

உள்ளே வரச் சொல்லி மணி அடித்தார்கள். அவள் போனாள். க்ளெனிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், திங்கள், செவ்வாய், புதன் என்று அந்த மூன்று நாளும் பக்கத்திலேயேதான் நின்றேன். எனக்கும் தோணவில்லை.